மாப்பிள்ளை ஒட்டிய பவளம்

இந்த வருஷம் மாமனார் தோட்டத்துக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போவதில்லை என்று அக்டோபர் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டே முடிவு செய்தேன். என் வாழ்க்கையில் நானாக எடுத்த முதல் முடிவு அது. வாய் கொப்பளித்த பிறகும் அது அப்படியே இருந்தது.

பதினோரு வருஷமாகப் போகிறேன். ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஆபீஸ் கிளார்க். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் லீவு. தலைச்சோலையில் என் மாமனார் பெரியண்ணனின் தோட்டத்தில் காப்பி பழுப்பதும் சரியாக அந்தப் பத்து நாளில்தான். அந்தச் செடிகளிடம் என் லீவு லெட்டரை யாரோ காட்டியிருக்கிறார்கள்.

ஊர் உலகமெல்லாம் லீவுக்கு ஏற்காடு வருகிறது. ஏரியில் படகு ஓட்டுகிறது, குளிருக்கு மிளகாய் பஜ்ஜி தின்கிறது. ஏற்காட்டிலேயே குடியிருக்கும் நான் மட்டும் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, சரிவில் ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயுமாக நிற்பேன். செடிக்குச் செடி சிவப்பு எறும்பு. மற்றவர்களைப் போனால் போகிறது என்று விட்டுவிடும். என்னைக் கண்டால் குடும்பத்தோடு வரும்.

இதில் பெரிய சிக்கல், நான் இல்லாமல் அங்கே வேலை நடக்காது. இதை நான் சொல்லவில்லை, மாமனாரே சொல்வார். "மாப்ள கை பட்டாத்தானுங்க இந்தத் தோட்டத்துல அறுவடைன்னே பேரு" என்பார், அதுவும் பத்துப் பேர் முன்னால். எனக்கு உதவியாகக் கண்ணாயி அக்கா என்ற கைதேர்ந்த ஆளை எப்போதும் என் பின்னாலேயே வரச் சொல்லியிருப்பார். வேறு எந்த மருமகனுக்கும் அந்த மரியாதை கிடையாது. அப்படிப்பட்ட மனிதரிடம் போய், எறும்பு கடிக்கிறது, வரவில்லை என்று எப்படிச் சொல்வது? அசைக்க முடியாத காரணம் ஒன்று வேண்டும்.

முன்பும் முயன்றிருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாய் வாங்கினேன். நாயை விட்டுவிட்டு எப்படி வருவது என்றேன். "அதையும் கூட்டிட்டுப் போலாமுங்க, காட்டுப்பன்னிய வெரட்டும்" என்றாள் என் மனைவி வெண்ணிலா. நாய் இன்றுவரை தலைச்சோலையில்தான் இருக்கிறது, என்னைக் கண்டால் குரைக்கிறது. போன வருஷம் முதுகு வலி என்று படுத்தேன். மாமியார் தைலம் காய்ச்சி ஜீப்பில் கொடுத்தனுப்பினார். அதே ஜீப்பில் என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஆகவே தலைச்சோலைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாத ஒன்று வேண்டும். அப்படி உலகத்தில் என்ன இருக்கிறது? கடல் இருக்கிறது.

வழி காட்டியவர் பக்கத்து வீட்டு மேக்ஸ்வெல் சார். எங்கள் பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். அன்று மாலை வேலியோரம் நின்றுகொண்டு அவரே பேச்சை ஆரம்பித்தார்.

"ஏம்ப்பா சின்னராஜ், மெட்ராஸ்ல என் அக்கா பையன் வெளிநாடு போறான். அவனோட மீன் தொட்டி ஒண்ணு சும்மா கெடக்குது. உப்புத் தண்ணித் தொட்டி. ஆனா அது நொம்பத் தொல்லை. ஒரு நாள்கூட உட்டுட்டுப் போக முடியாது."

"ஒரு நாள்கூடவா சார்?"

"தெனம் தண்ணி ஆவியாவும், உப்பு ஏறும். அளந்து நல்ல தண்ணி ஊத்தோணும். சூடு பாக்கோணும். பாவம், மூணு வருஷமா அவன் ஒரு கல்யாணத்துக்குப் போகல."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எனக்குக் குடுங்க சார்" என்றேன்.

இருபது கொண்டை ஊசி வளைவையும் சுற்றிக்கொண்டு தொட்டி மலையேறியது. ஹாலில் வைத்து, உப்பைக் கரைத்து, கல்லை அடுக்கினேன். ஒரு மாதம் தண்ணீர் பக்குவப்பட வேண்டும் என்றார் மேக்ஸ்வெல் சார். மலைக் குளிருக்கு அதில் இரண்டு ஹீட்டர்.

"ஏனுங்க, வெறுந்தண்ணிய வெச்சுட்டு எதுக்குங்க பாத்துட்டே உக்காந்திருக்கீங்க?" என்றாள் வெண்ணிலா.

"தண்ணி பக்குவமாகுது."

"குளிக்கறதுக்கு ஒரு ஹீட்டர் கேட்டு நாலு வருஷமாச்சுங்க. இதுக்கு ரெண்டுங்களா?"

"மீன் வரப்போவுது வெண்ணிலா. அதுக்குக் குளிரும்."

"வரட்டுமுங்க. அதுங்க குளிச்சு முடிச்சதும் எனக்கு ஒரு சொம்பு மோந்து குடுங்க."

நவம்பர் கடைசியில் தெர்மாகோல் பெட்டியில் இரண்டு மீனும் ஏழு பவளமும் வந்து சேர்ந்தன. கடலில் வெட்டி எடுக்கும் கல் பவளத்தை வீட்டில் வைத்தால் வனத்துறை தேடி வரும். இது தொட்டியிலேயே குட்டி போட்டு வளர்ந்த மெத்துப் பவளம். நாலு, சின்னக் கல் வில்லைகளில் உட்கார்ந்திருந்த பொத்தான் பவளம். மூன்று, காளான் பவளம். அதற்குக் கல்லும் கிடையாது, எலும்பும் கிடையாது, தொட்டால் ஈரக் காதைத் தொட்டதுபோல் இருந்தது.

"எல்லாத்தையும் கல்லோட ஒட்டிப்புடோணும்" என்றார் மேக்ஸ்வெல் சார். "இல்லீன்னா தண்ணி வேகத்துக்கு உருண்டு கீழ விழும். விழுந்தா அழுகும். அழுகுனா மொத்தத் தண்ணியும் போச்சு, மீனும் போச்சு."

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது வெண்ணிலாவே கேட்டாள். "ஏனுங்க, லீவுக்குத் தோட்டத்துக்குப் போனா இத யாருங்க பாத்துக்குவா?"

இந்தக் கேள்விக்காக ஒரு மாதமாக ஒரு பேச்சைத் தயார் செய்துவைத்திருந்தேன். அவளே எடுத்துக் கொடுத்ததில் அது மறந்துபோனது. "அதான் எனக்கும் புரியல" என்று பெருமூச்சு விட்டேன்.

அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே யோசித்தாள். "சும்மா ரெண்டு மீனுக்காக மாப்ள வரலைன்னு சொன்னா சொந்தபந்தம் சிரிக்குமுங்க. ஒண்ணு செய்யலாம். லீவுக்குள்ள அந்தப் பவளமெல்லாம் கல்லப் புடிச்சு நின்னுச்சுன்னா, ஏதோ பெரிய வேல பண்றாருன்னு நானே அப்பாகிட்டச் சொல்லிக்கறேன். நீங்க இங்கயே இருங்க. நிக்காம கீழ கெடந்துச்சுன்னா தொட்டியத் திருப்பிக் குடுத்துட்டு, இருபத்திமூணாந் தேதி ஜீப்புல ஏறிருங்க. சரிங்களா?"

ஏழு பவளம். இருபத்திரண்டு நாள். ஒரு குழந்தைகூட ஒட்டிவிடும். சரி என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக நான் பட்ட பாட்டை இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் பஜார் ஸ்டேஷனரிக் கடையில் விற்கும் சின்ன டியூப் பசையை வாங்கினேன். செருப்பு ஒட்டுகிறது, பக்கெட் ஒட்டுகிறது, பவளம் ஒட்டாதா? கையைத் தொட்டிக்குள் விட்டுக் கல்லின் மேல் பிழிந்தேன். பசை கல்லுக்குப் போகவில்லை. வெள்ளைப் பாலாடையாக விரிந்து தண்ணீரில் மிதந்தது. பிடிக்கப்போனேன். பிடித்தும் விட்டேன். பிறகு விடத்தான் முடியவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றாகிவிட்டன. நடுவில் ஒரு வில்லை.

"என்னுங்க, அப்பிடியே நிக்கறீங்க?"

"விரல் ஒட்டிக்கிச்சு."

"பவளம்?"

"அதுவும் விரல்லதான் ஒட்டியிருக்குது."

வெண்ணிலா வெந்நீரும் சோப்பும் கொண்டுவந்து அரை மணி நேரம் ஊறவைத்துப் பிரித்தாள். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "ஏழுல ஒண்ணு ஒட்டிருச்சுங்க. நல்ல ஆரம்பந்தான்" என்று மட்டும் சொன்னாள்.

மேக்ஸ்வெல் சாரிடம் போனேன். அவர் விரலைப் பார்த்தார், பசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது தண்ணி கணக்கா ஓடற பசை. உனக்கு வேண்டியது ஜெல். சரக்கு ஒண்ணுதான், சயனோஅக்ரிலேட். ஆனா கெட்டியா இருக்கும், ஓடாது."

"தண்ணிக்குள்ள ஒட்டுமா சார்?"

"தண்ணி பட்டாத்தான் அது இறுகும். வில்லையோட அடியை மட்டும் துடைச்சுட்டு, பட்டாணி அளவு வெச்சு, உள்ள கொண்டு போயி கல்லுல அழுத்தி லேசாத் திருகு. மேல ஒரு தோல் கட்டியிருக்கும். அது உடைஞ்சாத்தான் புடிக்கும்."

பேர் வாயில் நுழையாததாலேயே எனக்கு அந்தப் பசையின் மேல் நம்பிக்கை வந்தது. சேலத்திலிருந்து வரவழைத்தேன். அவர் சொன்னபடியே துடைத்து, வைத்து, அழுத்தித் திருகினேன். நாலு பொத்தான் பவளமும் கல்லோடு கல்லாக நின்றன. மறுநாளும் நின்றன. ஆபீஸில் மூன்று பேருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அதன்பின் காளானுக்கு வந்தேன்.

காளான் பவளத்தை ஜெல்லில் வைத்து அழுத்தினால் அது கோழை விடும். கோழைக்கும் பசைக்கும் ஆகாது. காலையில் ஒட்டினால் சாயங்காலம் கீழே கிடக்கும். பசை மட்டும் தனியாகக் கல்லில் இருக்கும். இரண்டாம் நாள் அதிகமாக வைத்தேன். மூன்றாம் நாள் இன்னும் அதிகமாக. நாலாம் நாள் டியூப் தீர்ந்தது. காளான் மூன்றும் கீழே கிடந்தபடி என்னைப் பார்த்தன. அவற்றுக்குக் கண் கிடையாதுதான், ஆனாலும் பார்த்தன.

"புட்டி போட்டுப் பாரு" என்றார் மேக்ஸ்வெல் சார். அது கலந்தால் கல்லாக இறுகும் இரண்டு நிறக் களி. வெட்டி, இரண்டும் ஒரே நிறமாகும்வரை பிசைய வேண்டும். சப்பாத்தி மாவு பிசையத் தெரியாதவன் நான். வெண்ணிலா பார்த்துக்கொண்டிருக்க, பத்து நிமிஷம் பிசைந்து, கல்லில் அப்பி, மேலே ஜெல் வைத்து, அதன் மேல் காளானை உட்கார வைத்துவிட்டு ஆபீஸ் போனேன்.

சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால் ஹால் முழுக்க வெள்ளை நுரை. தொட்டியின் அழுக்கை நுரையாக்கி எடுக்கும் மெஷின் ஒன்று உண்டு. புட்டி பட்டதும் அதற்கு வெறி பிடித்துவிட்டது. நுரை டிவி மேஜையைச் சுற்றிக்கொண்டு சமையலறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. வெண்ணிலா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துடைப்பத்தோடு நின்றாள்.

"மெரினா பீச்சுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கல்யாணமான புதுசுல கேட்டேனுங்க. பதினோரு வருஷங்கழிச்சு ஊட்டுக்கே கொண்டாந்துட்டீங்க."

வேலிக்கு ஓடினேன். "சார், நுரை பொங்குது."

"புதுப் புட்டி போட்டா பொங்கும்ப்பா. மெஷின நிறுத்தி வெக்கோணும்."

"இத நீங்க நேத்தே சொல்லியிருக்கலாமே சார்."

"நீ நேத்துக் கேக்கலியே."

நுரையைத் துடைத்து முடித்துத் தொட்டியைப் பார்த்தேன். புட்டி இருந்தது. காளான் ஒன்றுதான் இருந்தது, அதுவும் கீழே. மற்ற இரண்டைக் காணவில்லை. கல்லுக்கு அடியில் எங்கேயோ அழுகிக்கொண்டிருக்கின்றன என்று நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

"வெண்ணிலா, ரெண்டு காளான் காணோம். நீ பாத்தியா?"

"நான் எதுக்குங்க அதுல கை வெக்கப்போறேன்?" என்று சொல்லிவிட்டுத் தைக்க உட்கார்ந்தாள்.

இருந்த ஒன்றோடு பத்து நாள் போராடினேன். ஒட்டுவேன், விழும். ஒட்டுவேன், விழும். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் சுருங்கியது, நானும் கொஞ்சம் சுருங்கினேன். அது சுண்டைக்காய் அளவுக்கு வந்தபோது ஆபீஸில் என்னை உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். ஒரு பவளத்தைக் கல்லில் நிறுத்தத் தெரியாதவன் இந்த உலகத்தில் எதைச் சாதித்துவிடப் போகிறேன் என்று தோன்ற ஆரம்பித்தது.

இருபதாம் தேதி மாமனார் போன் செய்தார். "மாப்ள, இருபத்திமூணு காலைல ஏழு மணிக்கு ஜீப்பு அனுப்பறேனுங்க. நீங்க வராம ஒரு செடியும் தொட மாட்டோமுங்க."

"சரிங்க மாமா" என்றேன்.

இருபத்திரண்டாம் தேதி காலையில் கடைசிக் காளானும் கீழே கிடந்தது. பையில் பழைய சட்டைகளை எடுத்துவைத்தேன். எறும்புக்கு முழுக்கை. பிறகு தொட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகை வந்தது. பழம் பறிக்கப் போவதற்காகக்கூட இல்லை. தோற்றுப்போனதற்காக.

வெண்ணிலா காப்பி டம்ளரைப் பக்கத்தில் வைத்தாள். "ஏனுங்க, அந்தப் பெரிய கல்லுக்குப் பின்னால பாத்தீங்களா?"

"அங்க என்ன இருக்குது?"

"டார்ச் அடிச்சுப் பாருங்களேன்."

அடித்தேன். காணாமல் போன இரண்டு காளானும் அங்கே இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு துண்டுக் கல்லில், தோசைபோல் விரிந்து, ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. விரலால் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. என் ஜெல், என் பசை, எங்கேயோ மிதந்துபோய்த் தானாகவே வேலை செய்திருக்கிறது. பனியனோடு ஓடிப்போய் மேக்ஸ்வெல் சாரை இழுத்துக்கொண்டு வந்தேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "சின்னராஜ், இதுல பசையே இல்லியே. நூல்தான் இருக்குது" என்றார்.

உண்மைதான். ஒரு காளானைச் சுற்றி வெள்ளைத் தையல் நூல் ஒரு சுற்று. பக்கவாட்டில் ஒரு முடிச்சு. அந்த முடிச்சு எனக்குத் தெரியும். இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற்றும்போது போடுகிற முடிச்சு. தண்டு பருக்கப் பருக்க இளகிக் கொடுக்கும், அறுக்காது.

"நீயா கட்டுன?"

"ஆமாங்க. அந்த நுரை பொங்கின அன்னிக்கு. பழைய கொசுவலைத் துண்ட மேல போத்தி, லேசாக் கட்டி, தண்ணி அதிகம் அடிக்காத எடத்துல வெச்சேன். முந்தாநேத்து வலைய எடுத்துட்டேன்." அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். "மொளகுக் கொடிய யாராச்சும் மரத்துல பசை போட்டு ஒட்டுவாங்களா? சும்மா கட்டி உட்டுட்டு நம்ம வேலையப் பாக்கோணுமுங்க. அதுவா புடிச்சுக்கும். நீங்க தெனம் பிச்சுப் பிச்சு எடுத்தா எப்பிடீங்க புடிக்கும்?"

மேக்ஸ்வெல் சார் கீழே கிடந்த சுண்டைக்காயை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் இரண்டு நிமிஷத்தில் ஒரு துண்டுக் கல்லில் கட்டிவிட்டாள்.

"அப்ப... நான் இங்கயே இருக்கலாமா?" என்று கேட்டேன்.

"சொன்ன வாக்குதானுங்களே. எல்லாம் நின்னுருச்சு. நீங்களும் நில்லுங்க."

எனக்காகச் செய்திருக்கிறாள். என் முதுகுக்காக, என்னைக் கடித்த எறும்புக்காக, அப்பாவிடமே பொய் சொல்லத் துணிந்திருக்கிறாள். பதினோரு வருஷத்தில் இவளை நான் புரிந்துகொள்ளவே இல்லை என்று மனம் உருகிவிட்டது. மறுநாள் ஜீப் வந்தபோது அவள் பையை நானே தூக்கி வைத்தேன். "ஆள் பத்தாம திண்டாடுவீங்களே" என்றேன். "என்ன பண்றதுங்க, பாத்துக்கறோம்" என்று சோகமாகச் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

முதல் நாள் நன்றாகத் தூங்கினேன். இரண்டாம் நாள் ஏரிக்குப் போய்ப் பஜ்ஜி தின்றேன். மூன்றாம் நாளிலிருந்து மனசு அடித்துக்கொண்டது. நான் இல்லாத தோட்டம். பழம் செடியிலேயே கருத்து உதிரும். மாமனார் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். தினமும் போன் செய்தேன்.

"எப்பிடி சமாளிக்கறீங்க?"

"கஷ்டந்தானுங்க."

"மாமா நொம்ப வருத்தப்படறாரா?"

"வருத்தந்தானுங்க" என்றாள். பின்னால் யாரோ வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது. குரல் மாமனாருடையதுபோல் இருந்தது. துக்கத்தில் சிலர் அப்படித்தான் சிரிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாம் நாள் பொறுக்க முடியவில்லை. மனுஷனாகப் பிறந்தவனுக்கு ஒரு நன்றி வேண்டாமா? எறும்பு கடித்தால் கடிக்கட்டும். தொட்டியும் வீட்டுச் சாவியுமாக மேக்ஸ்வெல் சாரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு, முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஜீப் வந்து நின்றது. வெண்ணிலா இறங்கினாள். முகத்தில் களைப்பே இல்லை.

"என்ன வெண்ணிலா, பாதியிலயே வந்துட்ட? நான் அங்கதான் கெளம்பிட்டிருக்கேன்."

"ஐயோ, வேண்டாமுங்க. முடிஞ்சுருச்சு."

"முடிஞ்சுருச்சா? வருஷா வருஷம் பத்து நாளாவுமே. நான் இல்லாமயே எட்டு நாள்லயா?"

அவள் பையைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். இனிமேல் மறைத்து என்ன என்று முடிவு செய்தவள்போல் இருந்தது.

"நீங்க இல்லாததாலதானுங்க. நீங்க பழத்தோட காயையும் சேத்து உருவிடுவீங்க. சாயங்காலம் உக்காந்து பச்சையத் தனியாப் பொறுக்கவே ரெண்டு பேரு வேணும். கெளையில தொங்கி உடைச்சுருவீங்க, அடுத்த வருஷம் அதுல காய்ப்பு இருக்காது. நீங்க உட்டுட்டுப் போறதப் பறிக்கறதுக்குன்னே கண்ணாயி அக்கா பின்னாலேயே வரோணும். இந்த வருஷந்தான் அவங்களுக்குன்னு ஒரு வரிசை கெடைச்சுது."

நான் திண்டில் உட்கார்ந்தேன். "பதினோரு வருஷமா ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"மாப்ளைய வராதீங்கன்னு எப்பிடீங்க சொல்றது? உசிரு போனாலும் எங்கப்பா வாயில அது வராதுங்க. நீங்களா நிக்கோணும். சும்மா இருங்கன்னா சந்தேகப்படுவீங்க. அதான் மேக்ஸ்வெல் சாரை உட்டு அந்தத் தொட்டியப் பத்திப் பேச வெச்சேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் மேக்ஸ்வெல் சார் அவசரமாக வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார்.

என் முதல் முடிவு, நானாக எடுத்தது, பல் தேய்த்துக்கொண்டே எடுத்தது, அதுகூட அவளுடையதாகிவிட்டது. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "மாமா என்ன சொன்னாரு?"

"நொம்ப சந்தோசமுங்க. அடுத்த வருஷத்துக்கு இன்னும் பெரிய தொட்டியாப் பாத்துக்கச் சொன்னாரு, கண்ணாடி அவரே வாங்கித் தர்றாராமுங்க."